இரண்டு வாரம் கடை திறக்காவிட்டால் உங்கள் சமையலறை தாங்குமா?

மாணவர்களே, இதைப் படித்து முடித்ததும் சமையலறைக்குச் சென்று ஒரு கணக்கு எடுங்கள். நாளையிலிருந்து எந்தக் கடையும் திறக்காது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், டின் உணவுகளை வைத்து உங்கள் குடும்பம் எத்தனை நாள் சாப்பிட முடியும்? மூன்று நாளா? ஒரு வாரமா? பெரும்பாலோருக்கு உடனே விடை தெரியாது.

இது வீண் கற்பனை அன்று. 2014 டிசம்பரில் கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2020 மார்ச் 16ஆம் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டதும் பேரங்காடிகளில் கூட்டம் அலைமோதியது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி கொட்டிய மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. பல குடும்பங்கள் மேல்மாடியில் சிக்கி உதவிக்குக் காத்திருந்தன. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை ஒரு டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்ளூர் அரிசி பல கடைகளில் கிடைக்காமல் போனது.

காரணங்கள் வெவ்வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு உணவு வைத்திருந்த குடும்பம் பதறாமல் இருந்தது. இல்லாத குடும்பம் வரிசையில் நின்றது, அல்லது கூடுதல் விலை கொடுத்தது.

"அப்படியானால் நாளைக்கே ஐந்து மூட்டை அரிசி வாங்கி அடுக்கிவிடலாமே!" என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த அரிசி உங்களுக்கு முன்னால் வண்டுக்கு விருந்தாகிவிடும். உணவைச் சேமிப்பது பணம் சேமிப்பது போன்றது அன்று. பணத்தில் பூஞ்சை பிடிக்காது, உணவில் பிடிக்கும். ஆகவே வாங்குவதற்கு முன் அறிவியலைத் தெரிந்துகொள்வோம்.

உணவின் எதிரிகள்

ஆறாம் ஆண்டு அறிவியலில் உணவுப் பதனிடும் முறைகளைப் படித்திருப்பீர்கள். உலர்த்துதல், உப்பிடுதல், குளிரூட்டுதல், டின்னில் அடைத்தல் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் எதிரியை நோக்கியே வகுக்கப்பட்டது.

எதிரிகள் ஐந்து பேர். நுண்ணுயிர்கள், பூச்சிகளும் எலிகளும், காற்றிலுள்ள ஆக்ஸிஜன், வெப்பம், ஒளி. இந்த ஐவருக்கும் துணை நிற்கும் ஆறாவது ஆள் ஈரம். நம் நாட்டில் முதலில் வெல்ல வேண்டியது அந்த ஆறாவது ஆளைத்தான்.

ஈரத்தின் கணக்கு

உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நீர் நுண்ணுயிர்களின் பயன்பாட்டுக்குக் கிடைக்கிறது என்பதே முக்கியம். இதை 'நீர்ச் செயல்பாடு' என்ற எண்ணால் குறிப்பார்கள். தூய நீருக்கு அது 1. நீரே இல்லாத பொருளுக்கு 0.

பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர 0.91க்கு மேல் வேண்டும். பூஞ்சைகளில் பலவற்றுக்கு 0.80 போதும், சில 0.70 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். 0.60க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருக முடியாது. தேன் கெடாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தேனில் நீர் இருக்கிறது. ஆனால் சர்க்கரை அதை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. ஊறுகாயிலும் கருவாட்டிலும் அதே வேலையை உப்பு செய்கிறது.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. திறந்து வைத்த உலர் உணவு, சுற்றியிருக்கும் காற்றோடு மெல்ல மெல்லச் சமநிலைக்கு வரும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அந்த உணவின் நீர்ச் செயல்பாடும் 0.80ஐ நோக்கி நகரும். நம் நாட்டில் காற்றின் சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காடு! அதாவது, நன்கு உலர்ந்த அரிசியைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால், பூஞ்சை வளரத் தேவையான நிலைக்குக் காற்றே அதைக் கொண்டு சேர்த்துவிடும். வறண்ட நாட்டில் காகிதப் பையில் நீண்ட நாள் இருக்கும் மாவு, இங்கே விரைவில் முடைநாற்றம் அடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பூஞ்சையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1988 அக்டோபரில் பேராக்கில் 'லோ சி ஃபன்' என்னும் அரிசி நூடல்ஸ் சாப்பிட்டவர்கள் கடும் கல்லீரல் பாதிப்புக்கு உள்ளாயினர். 13 குழந்தைகள் இறந்தனர். அதை ஆராய்ந்த மருத்துவர்கள் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சைக் காரணமாகச் சுட்டினர். ஈரமான நிலக்கடலை, சோளம், அரிசி ஆகியவற்றில் வளரக்கூடிய ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் சில இந்த நச்சை உருவாக்குகின்றன. சாதாரணச் சமையல் சூட்டில் இது அழியாது. ஆகவே பூஞ்சை பிடித்த கடலையைக் கழுவி வறுத்துச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? அரிசி, பருப்பு, மாவு, கடலை எல்லாவற்றையும் இறுக மூடும் கொள்கலனில் வையுங்கள். ஈரக் கையாலோ ஈரக் கரண்டியாலோ எடுக்காதீர்கள். கொள்கலனை நேரடியாகச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். சிமெண்டில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக ஈரம் மேலேறும் என்பதை நுண்புழையேற்றம் பற்றிய பாடத்தில் படித்திருப்பீர்கள்.

வண்டு எங்கிருந்து வந்தது?

"மூடித்தானே வைத்தேன், அரிசியில் வண்டு எப்படி வந்தது?" எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இது. பழங்காலத்தில் அழுகும் பொருளிலிருந்து உயிர்கள் தாமாகவே தோன்றும் என்று நம்பினார்கள். 1668இல் இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சித் துண்டுகளைச் சில சாடிகளில் திறந்தும் சிலவற்றில் மூடியும் வைத்துப் பார்த்தார். ஈக்கள் போய் உட்கார முடிந்த இறைச்சியில் மட்டுமே புழுக்கள் வந்தன. புழு தானாகத் தோன்றுவதில்லை, முட்டையிலிருந்தே வருகிறது என்று அவர் காட்டினார்.

அரிசி வண்டின் கதையும் அதுவே. பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசியில் ஒரு சிறு குழி தோண்டி, அதில் ஒரு முட்டையிட்டு, பசை போன்ற பொருளால் குழியை அடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முட்டை, புழு, கூட்டுப்புழு என்ற மூன்று பருவங்களும் அந்த ஒரே அரிசிக்குள் நடந்து முடிகின்றன. நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முழு வண்டு ஓட்டை போட்டு வெளியே வருகிறது. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் 300 முட்டைகள் வரை இடக்கூடும். ஆலையிலோ கிடங்கிலோ கடையிலோ இட்ட முட்டை, மூட்டையோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நீங்கள் மூடி வைத்தது வண்டையும் சேர்த்துத்தான்!

அதை அழிக்க எளிய வழி குளிர். வாங்கிய அரிசியையோ பருப்பையோ சிறு பைகளில் இறுகக் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 செல்சியஸில் நான்கு நாட்கள் வைத்தால் முட்டையும் புழுவும் இறந்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த அரிசிமேல் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். பை அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு உலர்ந்த கொள்கலனில் கொட்டுங்கள்.

உறைபெட்டியில் இடமில்லாத வீடுகளும் உண்டு. நம் முன்னோருக்கு உறைபெட்டியே இல்லை. ஆனாலும் பத்தாயத்திலும் குதிரிலும் தானியத்தை மாதக்கணக்கில் காத்தார்கள். துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். பருப்பில் விளக்கெண்ணெய் தடவினார்கள். தானியத்தில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டார்கள். இவற்றுக்கும் அறிவியல் விளக்கம் இருக்கிறது. பூச்சிகள் உடலின் பக்கவாட்டில் உள்ள நுண்துளைகள் வழியாகச் சுவாசிக்கின்றன. எண்ணெய்ப் படலம் அத்துளைகளை அடைக்கிறது, முட்டைக்குக் காற்றுப் போவதையும் தடுக்கிறது. நுண்ணிய மண்துகளும் சாம்பலும் பூச்சியின் மேலிருக்கும் மெழுகுப் படலத்தைச் சிதைக்கின்றன. உடலின் நீர் வெளியேறிப் பூச்சி காய்ந்து இறக்கிறது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை உண்ணவிடாமல் விரட்டுகிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். வேப்பிலை புதிதாக வரும் பூச்சியை விரட்ட உதவலாம். அரிசிக்குள் அடைபட்டிருக்கும் முட்டையை அது தொடுவதில்லை.

துருப்பிடித்து உணவைக் காக்கும் இரும்பு

பிஸ்கட் அல்லது உலர் பழப் பொட்டலத்தில் சிறு பை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு வகை உண்டு. சிலிக்கா ஜெல் மணிகள் ஈரத்தை உறிஞ்சுபவை. மற்றொன்று ஆக்ஸிஜன் நீக்கி. அதற்குள் இருப்பது இரும்புத்தூளும் சிறிது உப்பும். இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருவாக மாறுகிறது. உப்பு அந்த வினையை விரைவுபடுத்துகிறது. கதவுக்குக் கேடு செய்யும் துரு, இங்கே உணவுக்குக் காவலாகிறது!

ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் வண்டு மூச்சுவிட முடியாது; எண்ணெயும் கொழுப்பும் சிக்குவாடை அடிப்பது தாமதமாகும். சிவப்பரிசி, பழுப்பரிசி போன்ற தவிடு நீக்காத அரிசிகள் வெள்ளை அரிசியைவிடச் சத்தானவை. ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அவை சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். எனவே அவற்றைக் கொஞ்சமாக வாங்கி விரைவாகப் பயன்படுத்துங்கள். நீண்ட நாள் இருப்புக்கு வெள்ளை அரிசியே ஏற்றது.

ஓர் எச்சரிக்கை. ஆக்ஸிஜன் நீக்கியை நன்கு உலர்ந்த உணவோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

டின்னுக்குள் நடப்பது

போர்ப்படைக்கு உணவு கெடாமல் அனுப்பும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 12,000 பிராங்க் பரிசு என்று 1795இல் பிரெஞ்சு அரசாங்கம் அறிவித்தது. மிட்டாய் செய்யும் தொழில் தெரிந்த நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, இறுக மூடி, கொதிநீரில் வைத்துப் பதப்படுத்திக் காட்டினார். 1810இல் பரிசு அவருக்குக் கிடைத்தது. உணவு ஏன் கெடாமல் இருந்தது என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களே காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்க மேலும் ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இன்றைய டின் தொழிற்சாலைகள் கொதிநீரோடு நிறுத்துவதில்லை. குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா அதற்குக் காரணம். அதற்கு ஆக்ஸிஜன் பிடிக்காது. ஈரமான, அமிலம் குறைந்த, காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து, நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் கொடிய நச்சை அது உருவாக்கும். அதன் வித்துகள் 100 செல்சியஸ் கொதிநீரிலும் பிழைக்கும். அதனால்தான் மீன், இறைச்சி, காய்கறி டின்களை உயர் அழுத்தத்தில் 121 செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். பிஎச் 4.6க்குக் கீழே, அதாவது புளிப்பு மிகுந்த உணவில், அந்த வித்துகள் முளைப்பதில்லை. புளியும் எலுமிச்சையும் வினிகரும் ஊறுகாயைக் காப்பது இப்படித்தான்.

இதிலிருந்து நான்கு விதிகள் கிடைக்கின்றன. சமைத்த கறியையோ மீனையோ புட்டியில் அடைத்துக் கொதிக்க வைத்து அலமாரியில் சேமிக்க முயலாதீர்கள். உப்பிய டின், கசியும் டின், திறந்ததும் பீறிட்டு அடிக்கும் டின் ஆகியவற்றை நாக்கில் வைத்துச் சோதிக்காமல் தூக்கி எறியுங்கள். விளிம்பிலோ இணைப்பிலோ நசுங்கிய டின்னை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். ஒரு வயது நிறையாத தம்பி தங்கைக்குத் தேன் கொடுக்காதீர்கள். தேனில் அந்த வித்துகள் இருக்கக்கூடும், குழந்தையின் குடலில் அவை முளைக்கும்.

எங்கே வைப்பது?

வேதியியலில் ஒரு தோராய விதி உண்டு. வெப்பநிலை 10 செல்சியஸ் கூடினால் வினைவேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 20 செல்சியஸில் இரண்டு ஆண்டு சுவை மாறாமல் இருக்கும் ஒரு பொருள், 30 செல்சியஸில் ஓராண்டுதான் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். வெளிநாட்டுக் காணொளிகளில் "இந்த அரிசி 25 ஆண்டு இருக்கும்" என்று சொல்வதை நம் சமையலறைக்கு அப்படியே பொருத்த முடியாததற்கு இதுவே காரணம்.

ஆகவே அடுப்புக்கு மேலுள்ள அலமாரி, குளிர்பதனப் பெட்டியின் மேற்புறம், மாலை வெயில் படும் சுவர், தகரக் கூரைக் கொட்டகை ஆகிய நான்கும் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான மூலையைத் தேடுங்கள். அது படுக்கையறைக் கட்டிலின் அடிப்பகுதியாகக்கூட இருக்கலாம். ஒளி, பாலிலுள்ள ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமினைச் சிதைக்கும், எண்ணெயையும் கெடுக்கும். வெள்ளம் வரக்கூடிய பகுதியில் இருப்பவர்கள் மேல்தட்டிலோ மாடியிலோ வையுங்கள்.

இனி, கணக்கு

ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2,000 கிலோகலோரி வேண்டும் என்று கொண்டால், ஐவருக்கு 10,000. பதினான்கு நாளுக்கு 1,40,000 கிலோகலோரி. அதை எப்படித் திரட்டலாம் என்று பாருங்கள். எண்கள் தோராயமானவை.

அரிசி 20 கிலோ: 72,000
பருப்பு, பயறு வகைகள் 6 கிலோ: 20,400
சமையல் எண்ணெய் 3 கிலோ: 27,000
மீன் டின் (425 கிராம்) 14: 7,700
முழுக்கொழுப்புப் பால்மாவு 1 கிலோ: 5,000
சீனி 1 கிலோ: 4,000
பிஸ்கட் 1 கிலோ: 4,300
மொத்தம்: 1,40,400 கிலோகலோரி

இந்தப் பட்டியலின் மொத்த எடை ஏறக்குறைய 38 கிலோ. எண்ணெய் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரியும், ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கிலோகலோரியும் தருவதே காரணம்.

பருப்பு எதற்கு? அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. அரிசியில் மெத்தியோனின் உண்டு. சாம்பார் சாதமும் பொங்கலும் இட்லியும் இந்தக் குறைகளை ஒன்றையொன்று ஈடுசெய்து நிரப்புகின்றன.

ஒன்று மட்டும் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. வைட்டமின் சி. உலர்ந்த அரிசியிலும் பருப்பிலும் டின் மீனிலும் அது கிட்டத்தட்ட இல்லை. அதற்கு அருமையான வழி பச்சைப்பயறு. உலர்ந்த பயறை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் இரண்டு நாளில் முளைக்கும். முளைக்கும்போது விதை தானாகவே வைட்டமின் சியை உருவாக்குகிறது. மண் வேண்டாம், வெயில் வேண்டாம். சுத்தமான நீரில் அலசி, லேசாக வதக்கிச் சாப்பிடுங்கள். முளைக்கும் வெப்பமும் ஈரமும் பாக்டீரியாவுக்கும் பிடித்தவை என்பதால் பச்சையாக வேண்டாம்.

பட்டியலை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். பாட்டிக்கு நீரிழிவு என்றால் சீனியையும் அரிசியையும் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் பால்மாவு முதல் வரிசையில் வரட்டும். யாரும் விரும்பிச் சாப்பிடாத பொருளை மலிவு என்று வாங்கி வைக்காதீர்கள்.

தண்ணீரும் முதல் மூன்று நாளும்

உணவு இல்லாமல் சில நாள் தாங்கலாம்; நீர் இல்லாமல் முடியாது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது, சுமார் 12 லட்சம் கணக்குகளுக்கான குழாய்நீர் தடைபட்டது. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டால், ஐந்து பேருக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர் வேண்டும். அதாவது 6 லிட்டர் புட்டிகள் பத்து. அவற்றை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

மின்சாரமும் எரிவாயுவும் நிற்கக்கூடும். எனவே இருப்பில் ஒரு பகுதி சமைக்காமலே சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்: பிஸ்கட், டின் மீன், அவல், பொட்டுக்கடலை, பேரீச்சை, பால்மாவு. இவற்றை மூன்று நாளுக்குப் போதுமான அளவில் ஒரே பையில் கட்டித் தனியாக வையுங்கள். துயர்துடைப்பு மையத்துக்குப் போக நேர்ந்தால் அந்தப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

மின்தடையின்போது குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் இருந்தால் உள்ளிருக்கும் உணவு சுமார் 4 மணி நேரம் பாதுகாப்பாக இருக்கும். நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைத் தக்கவைக்கும். வெள்ளநீர் பட்ட அரிசி, காய்கறி, காகிதப் பெட்டி உணவு, திருகு மூடிப் புட்டி எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டும். அந்த நீரில் கழிவுநீரும், எலிச் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமியும் கலந்திருக்கலாம். சேதமில்லாத உலோக டின்களை மட்டும் காப்பாற்றலாம். தாளைக் கிழித்து, சோப்பு போட்டுக் கழுவி, 4 லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனையற்ற குளோராக்ஸ் வகை வெளுப்பானைக் கலந்து 15 நிமிடம் ஊறவைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பதை மை பேனாவால் டின்மேல் எழுத மறக்காதீர்கள்.

ஓடிக்கொண்டே இருக்கும் இருப்பு

ஒரு முறை வாங்கிப் பூட்டி வைத்தால் அது இருப்பு இல்லை, நாளைய குப்பை. நல்ல இருப்பு தினமும் சமையலுக்குப் போய், வாரந்தோறும் நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அரிசிக்கு ஓர் எளிய விதி: பிரித்தது ஒன்று, பிரிக்காதது இரண்டு. 10 கிலோ மூட்டை மூன்று. பிரித்த மூட்டை தீர்ந்ததும், மிச்சமுள்ள இரண்டில் பழையதைப் பிரியுங்கள். புதிதாக ஒன்று வாங்குங்கள். அப்போது வீட்டில் 20 கிலோவுக்குக் குறையவே குறையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு மூட்டை தீரும் வீட்டில் எந்த அரிசியும் ஒன்றரை மாதத்துக்கு மேல் தங்காது. வண்டுக்குப் பல தலைமுறை பெருக நேரம் கிடைக்காது!

டின்களுக்கும் அப்படியே. புதியதைப் பின்னால் வையுங்கள், முன்னால் இருப்பதை எடுங்கள். வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். 'தாரிக் லுப்புட்' என்று இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. 'பாய்க் செபெலும்' என்றால் அதுவரை தரம் குறையாமல் இருக்கும் என்று பொருள். அதற்கு மறுநாளே நஞ்சாகிவிடாது.

செலவு? அப்பா அம்மாவின் சம்பளத்தில் ஒரே நாளில் 38 கிலோ வாங்கச் சொல்லவில்லை. வாரம் இரண்டு டின், ஒரு கிலோ பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய் என்று வழக்கமான சாமானோடு சேர்த்து வாங்கினால் சில மாதங்களில் பட்டியல் நிறையும். பற்றாக்குறை வந்த பிறகு ஓடிப்போய் அள்ளுவது பதுக்கல்; அது அடுத்த வீட்டுக்காரரின் பங்கைப் பறிக்கும். கடையில் பொருள் தாராளமாக இருக்கும்போது சிறிது சிறிதாகச் சேர்ப்பதுதான் சேமிப்பு. நெருக்கடி நாளில் உங்கள் குடும்பம் வரிசையில் நிற்காவிட்டால், கடையில் மிஞ்சியிருப்பது வாரச் சம்பளத்தில் வாழும் இன்னொரு குடும்பத்துக்குக் கிடைக்கும்.

செய்து பாருங்கள்

சமையலறைத் தராசு, பிஸ்கட், மூன்று ஒரே மாதிரியான டப்பா போதும். ஒவ்வொன்றிலும் 100 கிராம் பிஸ்கட் போடுங்கள். முதல் டப்பாவைத் திறந்து வையுங்கள். இரண்டாவதை இறுக மூடுங்கள். மூன்றாவதில், வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த ஒரு கைப்பிடி அரிசியைச் சிறு துணியில் முடிந்து போட்டு மூடுங்கள். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து, ஏழு நாள் ஒரே நேரத்தில் பிஸ்கட்டை மட்டும் எடுத்து நிறுத்து எழுதுங்கள்.

டப்பாவை வைத்திருக்கும் முறை தற்சார்பு மாறி. பிஸ்கட்டின் எடை சார்பு மாறி. பிஸ்கட் வகை, தொடக்க எடை, இடம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். எடை ஏறினால், ஏறிய கிராம் எங்கிருந்து வந்தது? வரைபடம் வரைந்து நீங்களே விடை சொல்லுங்கள். சோதனைக்குப் பயன்படுத்திய பிஸ்கட்டைச் சாப்பிட வேண்டாம்.

பிறகு ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: வீட்டில் உள்ள பொருள், அதன் அளவு, அது எத்தனை நாளுக்கு வரும். அதை அம்மாவிடமோ பாட்டியிடமோ காட்டிப் பேசுங்கள். எந்தப் பருப்பை எப்படி வைப்பார்கள் என்று பாட்டியைக் கேளுங்கள். அதற்கான அறிவியல் காரணத்தை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அதற்கு முன் அந்தத் தாளின் மூன்றாவது பத்தியில் 14 என்ற எண் வந்துவிட்டால், உங்கள் வீடு தயார்.